சிக்கனம் யாருடைய கடமை? – யப்பானின் 2011ஆம் ஆண்டுக் கோடை தரும் பாடம்

நாட்டில் மின்சாரம் போதாமற் போகும் வேளையிலெல்லாம் முதலில் வீட்டை நோக்கியே விரல் நீட்டப்படுகிறது. விளக்கை அணையுங்கள், விசிறியோடு அமையுங்கள், வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆட்சியாளர் போதிக்கிறார்கள். போதனை தவறென்று நாம் கூறவில்லை. ஆனால் வீடு ஏன் இவ்வளவு மின்சாரத்தை வேண்டி நிற்கிறது, பற்றாக்குறை யாரால் வந்தது, சிக்கனத்தின் சுமை யார் தோளில் எவ்வளவு ஏறுகிறது என்னும் கேள்விகளைப் போதகர்கள் எழுப்புவதில்லை. அவற்றுக்கு விடை தேடுவோர் வரலாற்றினிடமே செல்லவேண்டும். 2011ஆம் ஆண்டின் கோடையில் யப்பானிய மக்கள் பெற்ற அனுபவம் இவ்வகையில் ஆராயத்தக்கது.

யப்பானின் கோடை வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்து உடலை வாட்டுவது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கென்கோ என்னும் துறவி, வீடு கட்டுவோர் கோடையையே முதன்மையாக மனத்திற் கொள்ளவேண்டுமென்று கருதினார். மரபான மரவீடு அக்கருத்துக்கு இயைந்தது. நிலத்தினின்று உயர்ந்த தளம், வெயிலை மறிக்கும் நீண்ட இறவாரம், நம் விறாந்தையை ஒத்த புறத்திண்ணை, விலக்கினால் வீடு முழுவதும் காற்று ஓடத்தக்க நகர்கதவுகள் என்பன அதன் உறுப்புகள். கோடையில் நாணலாலும் மூங்கிலாலும் ஆன தட்டிகள் தொங்கவிடப்பட்டன. மாலையில் வாசலிலும் தெருவிலும் நீர் தெளித்துத் தரையின் வெம்மையைத் தணித்தார்கள். நீர் ஆவியாகும்போது சூழலின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது என்பதே அவ்வழக்கத்தின் அடிப்படை. அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ்வது நம் நோக்கமன்று. கோடைக்கென அமைந்த அவ்வீட்டில் குளிர்காலம் கொடியது. நீர் சுமந்ததும் தட்டி கட்டியதும் உழைப்பவரின் கைகளே. ஆயினும் வெப்பத்தை வீட்டின் அமைப்பாலேயே எதிர்கொள்ளலாம் என்ற அறிவு அங்கே இருந்தது.

அவ்வறிவு எவ்வாறு கைவிடப்பட்டது? போருக்குப் பின் நகரங்களை நோக்கித் தொழிலாளர் திரண்டனர். 1955இல் நிறுவப்பட்ட யப்பான் வீடமைப்புக் கூட்டுத்தாபனம் கொங்கிறீற்று மாடிக் குடியிருப்புகளை வரிசை வரிசையாக எழுப்பியது. வீடற்றோருக்கு வீடு கிடைத்தது பெரும் பேறுதான். ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர்கள் இரவிலும் வெம்மையை உமிழ்ந்தன. ஐம்பதுகளில் தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றும் குடும்பத்தின் 'மூன்று திருப்பொருள்கள்' எனப்பட்டன. அறுபதுகளின் நடுவில் மோட்டார் வண்டியும் வண்ணத் தொலைக்காட்சியும் அறைக் குளிரூட்டியும் அவ்விடத்தைப் பிடித்தன. முதலில் ஆடம்பரமாக வந்த பொருள் ஒரு தலைமுறைக்குள் அவசியமாயிற்று. வீட்டை வெப்பம் புகாமற் கட்டும் செலவு கட்டுவோருக்கு மிச்சமாயிற்று. குளிரூட்டும் செலவோ மாதந்தோறும் குடியிருப்போர் மீது விழுந்தது. இந்தக் கைமாற்றமே பின்வந்த நெருக்கடிகளின் வேர் என்பது எமது கருத்து.

அரசு சிக்கனம் போதிப்பதும் அந்நாட்டுக்குப் புதிதன்று. 1940இல் ஆடம்பரமே பகைவனென்று முழங்கிய இராணுவ அரசு, அண்டைவீட்டுச் சங்கங்களின் மூலம் ஒவ்வொரு அடுக்களையையும் கண்காணித்தது. அச்சிக்கனம் போருக்குத் தீனியாயிற்று. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் விளம்பர விளக்குகள் அணைந்தன; நள்ளிரவுத் தொலைக்காட்சி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. 1979இல் எரிபொருட் சிக்கனச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் பிரதமர் ஒஹீரா குட்டைக்கை மேற்சட்டை அணிந்து தோன்றி வழிகாட்டினார், பின்பற்றியோர் சிலரே. 2005இல் சுற்றாடல் அமைச்சு கழுத்துப்பட்டியைக் கழற்றவும் அலுவலகங்களை 28 பாகையில் வைத்திருக்கவும் அழைப்பு விடுத்தபோதுதான் அவ்வழக்கம் வேரூன்றியது.

2011 மார்ச் 11ஆந் தேதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்குக் கரையை அழித்தன. புக்குசிமாவின் அணுமின் நிலையத்தில் மூன்று உலைகள் உருகின. இங்கே ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. அந்நிலையம் தோக்கியோ மின்சாரக் கம்பனிக்குச் சொந்தமானது. அதன் மின்சாரம் சென்றது தலைநகர்ப் பகுதிக்கு. புக்குசிமா மக்களின் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கியது வேறொரு கம்பனி. தலைநகரின் ஒளிக்காக ஊரையும் வயலையும் இழந்தவர்கள் அவ்வொளியில் பங்கு பெறாதவர்களே. மார்ச் 14இல் முறைவைத்து மின்வெட்டுத் தொடங்கியபோதும், தலைநகரின் நடுப்பகுதிகள் பெரும்பாலும் தப்பின. சுற்றுப்புற மாவட்டங்களே இருளில் ஆழ்ந்தன.

மேற்கு யப்பானின் மின்சாரத்தைக் கிழக்குக்குக் கொணரலாமே என்று கேட்கத் தோன்றும். இதற்கும் வரலாறே விடை தருகிறது. 1890களில் தோக்கியோவின் கம்பனி ஜேர்மனியிலிருந்து மின்பிறப்பாக்கிகளை வாங்கியது. ஒசாக்காவின் கம்பனி அமெரிக்காவிலிருந்து வாங்கியது. முன்னவை செக்கனுக்கு 50 சுற்று; பின்னவை 60 சுற்று. இரு முதலாளிகளின் இரு கொள்முதல்கள் ஒரு நாட்டின் மின்சாரத்தை இரண்டாகப் பிளந்தன. நூறாண்டுக்கு மேலாகியும் பிளவு ஒட்டப்படவில்லை. 2011இல் ஒன்றை மற்றொன்றாக மாற்றி அனுப்பக்கூடிய அளவு ஏறத்தாழ 10 இலட்சம் கிலோவாற்று. தோக்கியோக் கம்பனியின் முந்திய கோடை உச்சத் தேவையோ ஏறத்தாழ 6 கோடி கிலோவாற்று!

இந்நிலையில் அரசு யூலை முதல் செப்ரெம்பர் வரை, வேலை நாட்களின் பகற்பொழுதில், உச்சத் தேவையை நூற்றுக்கு 15 வீதம் குறைக்குமாறு கோரியது. 500 கிலோவாற்றுக்கு மேற்பட்ட பெரும் பாவனையாளர்க்கு அது சட்டக் கட்டளை. மீறினால் பத்து இலட்சம் யென் வரை தண்டம். வீடுகளுக்கு வேண்டுகோள் மட்டுமே. கோடைப் பிற்பகலில் ஆட்கள் இருக்கும் வீட்டின் மின்செலவில் பாதிக்கு மேல் குளிரூட்டிக்கும், அடுத்த பெரும் பங்கு குளிர்சாதனப் பெட்டிக்கும் செல்கின்றன என்று அரசு கணக்கிட்டது. குளிரூட்டியை 26 பாகையிலிருந்து 28 பாகைக்கு உயர்த்தினால் வீட்டுச் செலவில் நூற்றுக்கு 10 குறையும். யன்னலுக்கு வெளியே தட்டி தொங்கவிட்டாலும் 10 குறையும். குளிரூட்டியை நிறுத்தி விசிறியை நாடினால் 50 குறையும் என்றது.

மக்கள் மறந்த கலைகள் மீண்டு வந்தன. நாணல் தட்டிகள் தொங்கின. தெருக்களில் நீர் தெளிக்கப்பட்டது. பாடசாலைகளும் நகர மண்டபங்களும் யன்னல்களின்மேல் வலை கட்டிக் கொடி படரவிட்டன. அக்கொடி பெரும்பாலும் நமக்கு நன்கு அறிமுகமான பாகல். தட்டியும் கொடியும் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பதால் திரைச்சீலையிலும் மேலாக உதவுகின்றன; உள்ளே புகுந்த வெயிலைத் திரை மறைக்குமேயன்றி வெளியேற்றாது.

விளைவு வியக்கத்தக்கது. 2011 ஓகஸ்ட் 18இல் தோக்கியோக் கம்பனியின் உச்சத் தேவை 4 கோடியே 92 இலட்சம் கிலோவாற்றாக நின்றது. முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு 18 குறைவு. முந்திய கோடை மிகக் கடுமையானது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது பெருஞ்சாதனையே. ஆனால் குறைத்தவர் யார்? கட்டளைக்கு உட்பட்ட பெரும் பாவனையாளர் 15 வீதத்தை வெகுவாகத் தாண்டிச் சென்றனர். வேண்டுகோளைப் பெற்ற வீடுகள் அவ்வளவை எட்டவில்லை. வலியவரைச் சட்டம் கட்டும்போது சிக்கனம் நடைமுறையாகிறது. எளியவர் ஏற்கெனவே சிக்கனத்தில் வாழ்பவர். அவரிடம் குறைப்பதற்கு அதிகமில்லை.

பெருந்தொழிலின் சிக்கனத்திலும் உழைப்பாளியின் பங்கு மறைந்து கிடக்கிறது. உச்ச வேளையைத் தவிர்க்க மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் அக்கோடையில் வியாழனையும் வெள்ளியையும் ஓய்வுநாளாக்கி, சனியிலும் ஞாயிறிலும் இயங்கின. பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நாளில் பெற்றோர் ஆலையில் நின்றனர். கம்பனிக் கணக்கில் அது மிச்சம். குடும்பக் கணக்கில் அது செலவு.

இன்னுமொரு கணக்குண்டு. சிக்கன இயக்கம் தொடங்குமுன், 2010இன் கோடையிலேயே யப்பானில் 1,731 பேர் வெப்பத் தாக்கத்தால் இறந்தனர். அவர்களில் பத்தில் எட்டுப் பேர் 65 வயதைக் கடந்தவர்கள். முதுமையில் உடல் வெப்பத்தை உணரும் ஆற்றலும் தாகமும் மங்குகின்றன. மின்கட்டணத்துக்கு அஞ்சியோ ஊருக்கு உதவுவதாக எண்ணியோ குளிரூட்டியை நிறுத்தும் முதியவர் தம் உயிரையே சிக்கனப்படுத்துகிறார். 1994இல் ஒக்கெகவா நகரில், அரச உதவியில் வாழ்ந்த முதிய பெண்ணொருவரின் குளிரூட்டியை, வறியவருக்கு அது ஆகாதென்று நலன்புரி அலுவலர் அகற்றச் செய்தனர். அவர் வெப்பத்தால் மயங்கி வீழ்ந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அதன் பின்னரே விதி தளர்ந்தது. உதவி பெறத் தொடங்குவோர்க்குக் குளிரூட்டி வாங்க 50,000 யென் வரை வழங்க அரசு இசைந்தது 2018இல். அப்போதும் முன்னரே உதவி பெற்றுவந்தோர் அதற்குப் புறம்பாயினர்.

வெப்பம் புகாத வீட்டின் நிலை என்ன? புதிதாகக் கட்டப்படும் எல்லா வீடுகளும் எரிபொருட் சிக்கன நியமங்களுக்கு அமையவேண்டுமென்ற கட்டாயம் 2025 ஏப்பிரலிலேதான் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்போரைச் சிக்கனமாயிருக்கச் சொன்ன அரசு, வீடு கட்டுவோரைச் சரியாகக் கட்டச் சொல்ல எண்ணெய் நெருக்கடியிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

2022இல் ஒருநாளில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட இலங்கையராகிய நமக்கு இக்கதை அந்நியமானதன்று. தட்டியும் கொடியும் நிழலும் மக்களின் அறிவுச்செல்வம். அவற்றை நாம் பேணவேண்டும், மாணவர்க்குக் கற்பிக்கவேண்டும். ஆனால் பாகற்கொடியை நடச் சொல்பவரிடம், வீட்டைக் கட்டியவர் யார், மின்சாரத்தை விற்பவர் யார், முதலில் இருளில் விடப்படுபவர் யார் என்று கேட்கவும் கற்பிக்கவேண்டும். எல்லோருக்கும் பொதுவான சட்டமும், நலிந்தோருக்கு உறுதியான காப்பும் இருக்கும் இடத்திலேதான் சிக்கனம் அறமாகும். அவை இல்லாத இடத்தில் அது வறியவர்மேல் விதிக்கப்படும் இன்னொரு வரியே.