காலருக்கு மேலே ஒரு கொண்டை

தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெண் போட்டுக்கொண்டு போகும் ரெட்டைச் சடையும் சடைதான், சாமியார் தலையில் திரிதிரியாகத் தொங்குவதும் சடைதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர். அதனால் அமெரிக்காவில் ‘லாக்ஸ்’ வைத்திருக்கும் ஒரு கறுப்பினப் பெண் அந்தத் திரிகளைப் பின்னித் தூக்கிக் கட்டுவதை, சடையைச் சடை பின்னினாள்னு நாம் சொல்லிவிடலாம்.

வேலை எளிதுதான். வீட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். திரிகள் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் கனம் கூடி வேரை இழுக்கும். தலையை நடுவகிடெடுத்து இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு பின்னல். பிறகு இரண்டையும் பின்னந்தலையில் குறுக்கே ஏற்றி, நுனியை உள்ளே செருகிக் கொண்டை ஊசி குத்தினால் தீர்ந்தது. ரப்பர் பேண்ட் கூட வேண்டாம், ஒரு திரியையே எடுத்துச் சுற்றிக் கட்டலாம். இறுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் முக்கியம். தினமும் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும்.

இவ்வளவு சாதாரணமான ஒரு கொண்டைக்கு ராணுவ விதியிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் என்ன வேலை?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தலைமுடி உலகத்துக்குத் தெரிய வந்தது பெரும்பாலும் ஜமைக்காவின் ரஸ்தஃபாரிகள் வழியாக. அங்கே அது வெறும் அலங்காரம் இல்லை, நம்பிக்கை. அதனாலேயே அரசாங்கத்துக்கு அதன் மேல் கண். 1963 ஏப்ரலில் மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலுக்குப் பிறகு, சம்பந்தமே இல்லாத ரஸ்தஃபாரிகளையும் பிடித்து அடைத்தார்கள், பலருடைய சடையை வெட்டினார்கள். ஜமைக்கா பிரதமர் அதற்காக மன்னிப்புக் கேட்டது 2017-இல், 54 வருஷம் கழித்து.

அமெரிக்க ராணுவத்தின் கதை வேறு மாதிரி. அங்கே யாரும் கத்தரிக்கோலோடு துரத்தவில்லை. ஒரு விதிப்புத்தகம் போதுமானதாக இருந்தது. பெண் சிப்பாயின் முடி சீருடைக் காலரின் கீழ் விளிம்பைத் தாண்டக் கூடாது. நீளமாக இருந்தால் தூக்கிக் கட்டு. அதாவது கொண்டை என்பது அங்கே கட்டளை. ஆனால் லாக்ஸை எவ்வளவு நேர்த்தியாகக் கொண்டை போட்டாலும் செல்லாது. 2014 மார்ச்சில் வந்த புதிய பதிப்பு இதை இன்னும் இறுக்கியது. இரண்டு திரி முறுக்குக்கும் தடை. கூடவே, சிக்குப் பிடித்தது, பராமரிப்பில்லாதது என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள்.

அந்தச் சொற்கள்தான் தீ வைத்தன. பெண் சிப்பாய் ஒருவர் தொடங்கிய மனுவில் 10,000-க்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர் குழுவைச் சேர்ந்த 16 பெண்கள் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகலுக்குக் கடிதம் எழுதினார்கள். மறுபரிசீலனை நடந்து, ஆகஸ்டில் அந்த இரண்டு சொற்களும் போயின, முறுக்குக்கும் அனுமதி கிடைத்தது. லாக்ஸுக்கு மட்டும் இல்லை. கடற்படைக் காலாட்படையான மரீன்ஸ் 2015-இல் அனுமதித்த பிறகு, ராணுவம் 2017 ஜனவரியில்தான் இறங்கி வந்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் 2021. கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காருவதில்லை, குப்புறப் படுத்துச் சுடும்போது கழுத்தைத் தூக்க முடிவதில்லை என்று ராணுவமே ஒப்புக்கொண்டு, முடியைப் பின்னித் தொங்கவிடலாம் என்றது. அத்தனை வருஷமாக ஒழுங்கின் அடையாளமாக இருந்த கொண்டைதான் இப்போது இடைஞ்சல்!

ராணுவத்துக்கு வெளியே இவ்வளவு சுலபமாக நகரவில்லை. 2010-இல் அலபாமாவின் மொபைல் நகரத்தில் ஒரு பெண்ணுக்கு வேலை உறுதியானது. லாக்ஸை வெட்டச் சொன்னார்கள். மறுத்தார், வேலை போனது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. தோல் நிறத்தை மாற்ற முடியாது, தலை அலங்காரத்தை மாற்றலாமே என்பது வாதம். மாற்றலாம்தான். ஆனால் முதிர்ந்த லாக்ஸைச் சீப்பால் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பெரும்பாலும் வெட்டத்தான் வேண்டும், அதில் போவது பல வருஷ வளர்ச்சி. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2019-இல் கலிஃபோர்னியா ‘கிரவுன்’ சட்டத்தைக் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2023 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸிலும் அது அமல்.

அமலுக்கு வந்த அதே வாரம், ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவனை வகுப்பிலிருந்து விலக்கித் தனியே உட்கார வைத்தார்கள். அவன் லாக்ஸை முறுக்கித் தலை உச்சியில்தான் கட்டியிருந்தான். காலரைத் தொடவில்லை, புருவத்தை மறைக்கவில்லை. பள்ளியின் விதியோ, ஆண்பிள்ளைகளின் முடியை அவிழ்த்துவிட்டால் எவ்வளவு நீளம் வரும்னு பார்க்கச் சொன்னது. ராணுவம் தூக்கிக் கட்டச் சொன்னது, இந்தப் பள்ளி தூக்கிக் கட்டியதையும் மனசுக்குள் அவிழ்த்து அளந்தது. அந்தக் கல்வியாண்டில் பெரும்பகுதியை அவன் வகுப்புக்கு வெளியேதான் கழித்தான். 2024 பிப்ரவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிபதி, புதிய சட்டம் பின்னல், முறுக்கு, லாக்ஸ் ஆகியவற்றைக் காக்கிறதே தவிர முடியின் நீளத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்.