பெஞ்சைத் தள்ளிவிடுவதற்கு முந்தைய பத்து நிமிடங்கள்

"நோட்டை எடுன்னுதான் சொன்னேன், பெஞ்சையே தள்ளிவிட்டுட்டான்." பள்ளியிலிருந்து அழைப்பு வரும்போது நாம் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். பையனுக்கு அடி விழுகிறது, அல்லது ஆசிரியர்மீது பழி விழுகிறது. அதற்கு முந்தைய பத்து நிமிடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மாணவனின் கோபம் எப்படி வளர்கிறது என்பதை அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெஃப் கோல்வின், ஹில் வாக்கர் ஆகியோர் ஏழு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினர்: அமைதி, தூண்டுதல், பதற்றம், வேகமெடுத்தல், உச்சம், தணிதல், மீளுதல்.

தூண்டுதல் வகுப்பறையில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. காலையில் வீட்டில் நடந்த சண்டை, சாப்பிடாமல் வந்தது, பஸ்ஸில் கேட்ட கேலி என எதுவாகவும் இருக்கலாம்.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது மூன்றாவது கட்டமான பதற்றத்தை. இங்கே சத்தம் இருக்காது. கண் ஓரிடத்தில் நிற்காது, கை சும்மா இருக்காது. புத்தகத்தைத் திறப்பான், மூடுவான். சில பிள்ளைகள் நேர்மாறாக டெஸ்க்கில் தலை கவிழ்ந்து பேச்சையே நிறுத்திவிடுவார்கள். "அடங்கி இருக்கிறான்" என்று நாம் தவறாக எண்ணுவது இவர்களைத்தான். இந்த நேரத்தில் அருகில் சென்று தாழ்ந்த குரலில் "என்னப்பா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வர்றியா?" என்று கேட்டாலே பல நேரங்களில் போதும்.

அதைத் தவறவிட்டால் வேகமெடுக்கும். "ஏன் எழுதணும்? எழுதலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று அவன் ஆசிரியரை வம்புக்கு இழுப்பான். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஆசிரியரும் பதிலுக்குப் பதில் பேசினால், இருவருமே பின்வாங்க முடியாத இடத்துக்கு வந்துவிடுவார்கள். இரண்டே தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, யோசிக்க அவகாசம் தந்து விலகி நிற்பதுதான் இங்கே வழி. சொல்வது எளிது, முப்பத்தைந்து நிமிடப் பீரியடில் செய்வது கடினம் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உச்சத்தில் புத்திமதி காதில் ஏறாது. மற்ற பிள்ளைகளை அப்புறப்படுத்துவது, உதவிக்கு இன்னொரு ஆசிரியரை அழைப்பது, இவ்வளவுதான் அப்போது வேலை.

பிரம்பு இந்தக் கட்டங்களை வேகமாகத் தாண்டவைக்கும், அவ்வளவே. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012 திருத்தத்தின்படி அச்சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது. அந்த விலக்கு அடிப்பதற்குத் தரப்பட்ட அனுமதி அல்ல. பள்ளியில் பதறும் அதே பிள்ளைதான் மாலையில் ஓதவும் வருகிறான். உஸ்தாதுமார்களும் இந்த அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தணியும்போது பிள்ளை குழம்பிப்போயிருப்பான், சிலர் அழுவார்கள். அப்போதே மன்னிப்புக் கேட்கச் சொல்லி நிற்கவைத்தால் கோபம் மறுபடி ஏறும். சின்னதாக ஒரு வேலை கொடுத்து அமர வைக்கலாம். பேச வேண்டியது மீண்ட பிறகு, தனியாக: எது கோபமூட்டியது, அடுத்த முறை என்ன செய்வாய்?

நம்மைப் பள்ளிக்கு அழைத்தால் ஒன்றைக் கேட்டு வாங்குவோம்: தேதி, நேரம், எந்தப் பாடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. மூன்று நான்கு சம்பவங்களை இப்படிக் குறித்தாலே, எப்போதும் கணக்குப் பீரியடிலா, சாப்பாட்டு இடைவேளை முடிந்தா, குறிப்பிட்ட ஒரு மாணவன் பக்கத்தில் உட்காரும்போதா என்பது தெரிய ஆரம்பிக்கும்.