குழிக் கணக்கும் கெர்னல் கணக்கும்



பொங்கலுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பெங்களூரில் லினக்ஸ் கெர்னலைச் சோதிக்கிற வேலை. "சார், இன்டெல்ல பாஸ் ஆகுற மெமரி டெஸ்ட், பவர் மெஷின்ல ஃபெயில் ஆயிடுச்சு. மூணு நாள் கெர்னலைத் துருவினேன். கடைசியில தப்பு கெர்னல்ல இல்ல சார், டெஸ்ட்லதான்" என்றார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தை ஒவ்வொரு நிரலுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது கெர்னல். அது பைட் பைட்டாகக் கொடுக்காது. நாம் நெல்லைப் படியால் அளப்பதுபோல், 'பேஜ்' என்ற அளவால் அளந்து போடும். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியது இன்டெல் 386 சிப்புக்காக. அதில் ஒரு பேஜ் 4,096 பைட். வேறு சிப்பில் இது ஓடாது என்றுதான் அவரே அப்போது நினைத்தார்.

1994இல் டிஜிட்டல் நிறுவனத்தின் ஜான் ஹால் அவருக்கு ஆல்ஃபா என்ற 64 பிட் கம்ப்யூட்டர் ஒன்றைக் கிடைக்கச் செய்தார். அதில் பேஜ் 8,192 பைட். 1995 மார்ச்சில் வந்த லினக்ஸ் 1.2 ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் சிப்புகளையும் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு ஆர்ம் 64 பிட் சிப்பில் 4, 16, 64 கிலோபைட் என்று மூன்று வகை பேஜ் வைக்கலாம். பவர் மெஷின்களில் 64 கிலோபைட்தான் வழக்கம். கெர்னல் மாறிவிட்டது. அதைச் சோதிக்க எழுதியவர்கள் பலர் மேசைமேல் இருந்ததோ இன்டெல்.

நம்ம தம்பிக்கு நடந்தது இதுதான். ஒரு கோப்பை 4,096ஆவது பைட்டிலிருந்து நினைவகத்தில் பொருத்து என்று டெஸ்ட் கேட்கிறது. பேஜ் எல்லையில்தான் பொருத்த முடியும் என்பது விதி. 64 கிலோபைட் பேஜ் உள்ள மெஷினில் 4,096 எல்லையே இல்லை. கெர்னல் முறைப்படி மறுக்கிறது. டெஸ்ட் அதற்கு 'ஃபெயில்' போடுகிறது. பேஜ் அளவு எவ்வளவு என்று முதலில் கெர்னலையே கேட்கும்படி மாற்றினார், சரியாகிவிட்டது.

அதற்காக ஃபெயில் ஆனாலே டெஸ்ட்மேல் பழி போட்டுவிடவும் முடியாது. ஒரு கோர் வரிசையாக எழுதியதை மற்றொரு கோர் அதே வரிசையில் பார்க்கும் என்பது இன்டெல்லில் பெரும்பாலும் உண்மை. ஆர்ம், ஆல்ஃபா அந்த உறுதியைத் தருவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழு உருவாக்கி, 2018இல் லினக்ஸ் ஓடிய 'சக்தி' சிப் ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி ஆனது. அங்கே பேஜ் இன்டெல்போல 4,096தான், ஆனால் வரிசை மாறித் தெரிய விதி இடம் கொடுக்கிறது. இன்டெல்லில் வருடக்கணக்காக ஒளிந்திருந்த நிஜமான பிழை இப்படிப்பட்ட இடத்தில்தான் வெளியே வரும். எது யார் தவறு என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்த மூன்று நாள் வீணில்லை.

இப்போது தூக்கம் கெட்ட காரணம். பல வருடங்களுக்கு முன் வகுப்பில் நானே ஒரு கணக்குக் கொடுத்தேன்: 20 குழி நிலம் எத்தனை சதுர அடி? நம்ம தென்னார்க்காட்டு வழக்கில் 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. ஆக விடை 11,520. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் 2,880 என்று எழுதினான். சுழித்துவிட்டு, "தலைகீழா வந்தாலும் இந்த விடை வராதுடா" என்று வகுப்புக்கு முன்னால் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை.

அவங்க ஊரில் குழி 144 சதுர அடி. அவன் போட்டது சரி. இந்தப் பதிவு அவன் கண்ணில் பட்டால் ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள்.