மக்கள் கருத்துக் கேட்பு: கன்னியாகுமரி மாவட்டம்

ஓர் ஊரைப் பாதிக்கும் முடிவை எடுப்பதற்கு முன் அவ்வூராரைக் கூட்டியோ, அவர்கள் வீட்டு வாசலுக்கே சென்றோ, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவுசெய்யும் நடைமுறை மக்கள் கருத்துக் கேட்பு எனப்படும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது கிராம சபை, பகுதி சபை, சமூகத் தணிக்கை, சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று சட்டம் வகுத்த வடிவங்களிலும், ஊர்க்கூட்டம், பங்குப்பேரவை என்று ஊரார் தாமே வைத்துக்கொண்ட வடிவங்களிலும் நடக்கிறது. மாவட்டத்தின் எல்லையே ஒரு கருத்துக் கேட்புக்குப் பின் வரையப்பட்டது என்பதால், இங்கே இதற்குத் தனி வரலாறு உண்டு.

நாட்டார் கூட்டமும் பிரஜா சபையும்

இம்மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான பழைய நாஞ்சில் நாடு பிடாகை என்னும் பன்னிரண்டு ஊர்த்தொகுதிகளாகப் பிரிந்திருந்தது. பிடாகைக்காரர்கள் ஒன்றுகூடிய நாட்டார் கூட்டம், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசு அதிகாரிகள் சுமத்திய மிகை வரியைக் கட்டுவதில்லை என்று முடிவெடுக்கும் அளவுக்கு வலுவோடு இருந்தது. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்திடம் இருந்த ஓலைகள் வழியாகவே இச்செய்திகள் தெரியவந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பின்னர் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவ்வோலைகளைப் பதிப்பித்தார். நாட்டார் கூட்டம் நிலம் வைத்திருந்தவர்களின் கூட்டமே. வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

அரசே குடிமக்களை அழைத்துக் கேட்ட முதல் பெரிய ஏற்பாடு 1904-ல் திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட திருவிதாங்கூர்த் தாலுகாக்களிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரதிநிதிகள் திருவனந்தபுரம் சென்று, திவானின் முன்னிலையில் தங்கள் ஊரின் தேவைகளை எடுத்துச் சொன்னார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் இச்சபைக்கு இல்லை. மறு ஆண்டே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஆனால் ஆண்டுக்கு 50 ரூபாயாவது நிலவரி கட்டுபவர், 2,000 ரூபாய்க்குக் குறையாத நிகர வருமானம் உள்ளவர், பத்தாண்டு கடந்த பட்டதாரி ஆகியோருக்குத்தான் வாக்கு. நிலமற்றவர் குரல் நியமன உறுப்பினர்கள் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. புலையர் சமூகத்தின் அய்யன்காளி அப்படி நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர்.

எல்லையை வரைந்த மனுக்கள்

1953 டிசம்பரில் இந்திய அரசு அமைத்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் பொதுமக்களிடமிருந்து மனுக்களையும் கருத்துகளையும் வரவேற்றது. ஃபசல் அலி தலைவராகவும், எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோர் உறுப்பினர்களாகவும் இருந்த அந்த ஆணையத்துக்கு நாடெங்குமிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களும் மனுக்களும் குவிந்தன. 104 இடங்களுக்குச் சென்று ஒன்பதாயிரம் பேருக்கு மேல் நேரில் கேட்டார்கள்.

தென் திருவிதாங்கூரில் அப்போது நிலைமை கொதித்துக்கொண்டிருந்தது. மார்ஷல் நேசமணி முன்னணியில் நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கேட்டுப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் உயிர்கள் பலியாயின. 1955 செப்டம்பரில் அரசிடம் அளிக்கப்பட்ட ஆணையத்தின் அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துக்கு மாற்றப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1-ல் முதல் நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. இம்முடிவில் மனுவுக்கு எவ்வளவு பங்கு, தெருவில் சிந்திய இரத்தத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டையும் ஒரே மக்கள்தான் கொடுத்தார்கள்.

கிராம சபை

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தபின், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 கிராம சபைக்கு உயிர் கொடுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் தடுக்கவும் முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 குமரி மக்களுக்குத் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட.

500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கூட்டம் நடப்பதைத் தண்டோரா போட்டுச் சொல்லும் வழக்கத்தை 2022 ஆகஸ்டில் அரசு நிறுத்தச் சொன்னது. ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியும் கோயில் மைக்கும் அந்த வேலையைச் செய்கின்றன. ஊராட்சியின் வரவு செலவு, வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல், குடிநீர், சுகாதாரம் என்று நிகழ்ச்சி நிரலின் பெரும்பகுதி மேலிருந்தே வருகிறது. அதை வாசித்து முடிக்கவே நண்பகல் ஆகிவிடும். தெருவிளக்கு எரியவில்லை, ஓடையில் கழிவு கலக்கிறது என்று சொல்ல வந்தவர் கடைசியில்தான் எழுகிறார். அவர் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதே அவருக்கு உள்ள ஒரே காப்பு. கூட்டம் தொடங்கும் முன்னரே வருகைக்குப் பெறும் கையெழுத்துக்குக் கீழே பிறகு எது எழுதப்பட்டாலும் அது ஊரின் ஒப்புதலாகிவிடுகிறது. எழுதியதை எல்லோர் முன்னும் உரக்க வாசித்த பின் கையெழுத்து வாங்குவதே முறை.

தேதி விஷயத்திலும் இம்மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் விசைப்படகுகளில் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பவர்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அவர்கள் உறுதியாகக் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் கிராம சபையின் ஆறு நாட்களில் ஒன்றுகூட வருவதில்லை. மே தினக் கூட்டம் கிழக்குக் கரைத் தடைக்காலத்துக்குள் விழுவதால் சின்னமுட்டத்துக்காரர்களுக்குப் பொருந்துகிறது. மேற்குக் கரைக்கு ஒன்றும் இல்லை. மலைப்பக்கம் விடிவதற்கு முன்பே ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களுக்குப் பதினொரு மணிக் கூட்டம் ஓரளவு ஒத்துவரும். ஜூன், ஜூலையில் ஒரு சிறப்புக் கிராம சபை கூட்டுவதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.

பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில் வன உரிமைச் சட்டம் 2006 வேறொரு கிராம சபையைக் கேட்கிறது. உரிமை கோரும் மனுக்களை முதலில் பரிசீலிப்பது அந்தச் சபையே. 2012 விதித் திருத்தப்படி உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும்.

வீடு வீடாகக் கேட்டு, அதன்பின் ஊரைக் கூட்டும் முறையைக் கொண்டுவந்தது 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். அதன் 17-ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது. தணிக்கைக் குழுவினர் வருகைப் பதிவேட்டோடு வீட்டுக்கு வந்து, இன்ன வாரம் வேலைக்குப் போனீர்களா, கூலி எவ்வளவு வந்தது என்று கேட்டு, வேலை அட்டையோடு ஒப்பிட்டு, கண்டதைச் சிறப்புக் கிராம சபையில் வாசித்தார்கள். கூட்டத்தில் வாய் திறக்காத பெண் தன் திண்ணையில் இருந்து விவரமாகப் பேசுவாள் என்பதே இம்முறையின் பெரிய பலம்.

பேரூராட்சிகளின் நிலை

கிராம சபை கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. குமரியில் அவை 95. மறுபுறம், நாகர்கோவில் மாநகராட்சி, சில நகராட்சிகள், ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பேரூராட்சிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாவட்டத்தின் 18,70,374 பேரில் 82 விழுக்காட்டினரை நகர்ப்புறத்தவர் என்று எண்ணியது. அதில் கணக்கெடுப்புக்காக மட்டும் நகரமாக எண்ணப்பட்ட கிராம ஊராட்சிகளும் அடங்கும். அவற்றை ஒதுக்கினாலும், பாதிக்கும் மேற்பட்டோர் கிராம சபை இல்லாத ஊர்களில் வாழ்கிறார்கள். நாலாபுறமும் வயலும் குளமும் சூழ்ந்த தேரூர் ஒரு பேரூராட்சி. ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ள பொன்மனையும் கடையாலுமூடும் பேரூராட்சிகளே. பக்கத்து ஊராட்சிக்காரர் எழுந்து கணக்குக் கேட்கும் நாளில், இவர்களுக்குக் கேட்க இடமே இருந்ததில்லை. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முன்னணியில் நிற்கும் மாவட்டத்தில் இது பெருங்குறை.

நகர்ப்புறங்களுக்கான வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-ல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1-ல் மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்ததால், அங்கே பேசுவதற்குப் பொருளும் இருந்தது. களியக்காவிளையில் நின்றால் இரு முறைகளும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நடப்பதைக் காணலாம்.

சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பு

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டம் நடத்துகிறது. மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். 30 நாளுக்குக் குறையாமல் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், முழு நிகழ்வின் ஒளிப்பதிவு, முடிவில் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே வாசித்தல் ஆகியவை கட்டாயம். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. எழுத்துவழிக் கருத்துகளும் சேர்த்துக்கொள்ளப்படும். ஊரார் எதிர்த்தார்கள் என்பதற்காகவே திட்டம் நின்றுவிடாது. எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை திட்டக்காரருக்கு உண்டு என்பதே சட்டம் தரும் பிடி. ஆகவே இக்கூட்டத்தில் கோஷத்தைவிட, எந்தக் கிணறு, எந்தச் சர்வே எண், எத்தனை படகு என்று எழுதிக்கொடுக்கும் மனு நீண்ட நாள் பேசும்.

மணவாளக்குறிச்சியில் கனிம மணல் எடுத்துவரும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்துக்காக, கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் சுரங்கம் அமைக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் இத்தகைய கூட்டம் நடத்துவதாக அறிவிக்கப்பட்டது. கடற்கரை ஊர்களில் எதிர்ப்பு வலுத்ததால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே, முதலில் இனயத்திலும் பிறகு கோவளம்–மணக்குடி இடையேயும் முன்மொழியப்பட்ட சரக்குப் பெட்டகத் துறைமுகத்தின்போதும் ஊர்கள் கூட்டத்துக்குக் காத்திராமல் தெருவில் இறங்கின. இடம் தீர்மானிக்கப்பட்ட பின்னரே கருத்துக் கேட்க வருகிறார்கள் என்ற ஆதங்கம் இரண்டிலும் பொதுவானது. அது நியாயமான ஆதங்கம்.

ஊரே எடுத்த கணக்கு

2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும் வீசிய ஒக்கி புயலில் கடலில் இருந்த குமரி மீனவர்கள் நூற்றுக்கணக்கில் சிக்கினார்கள். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் எண்ணிக்கையும் ஊர்களின் எண்ணிக்கையும் நாளுக்கு நாள் விலகின. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர், நீரோடி போன்ற ஊர்களில் பங்குத்தந்தையரும் ஊர்க்கமிட்டியாரும் வீடு வீடாகக் கேட்டு, எந்தப் படகில் யார் யார் ஏறினார்கள், கடைசியாக யாரிடம் பேசினார்கள் என்று பட்டியல் எடுத்தார்கள். முப்பது குடும்பம் போலச் சேர்ந்த அன்பியங்கள் என்னும் கிறிஸ்தவக் குடும்பக் குழுக்கள் கடலோரப் பங்குகளில் முன்பே இருந்தன. எந்த வீட்டு ஆள் கடலில், எந்த வீட்டு ஆள் கேரளத் துறைமுகத்தில் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. டிசம்பர் 7-ல் குழித்துறையில் ரயிலை மறித்து அமர்ந்த ஆயிரக்கணக்கானோர் கேட்டதில் முதன்மையானது, காணாமல் போனவர்களைத் தேட வேண்டும் என்பது.

காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு காத்திருக்க வேண்டும் என்பது பொதுச் சட்டம். அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, இறந்தவர் குடும்பத்துக்கு அறிவித்த 20 லட்சம் ரூபாய் உதவியைக் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் தமிழக அரசு 2018-ல் வழங்கியது.