யானைமலை சொல்லும் சாட்சி

மதுரை யானைமலையின் நரசிங்கப் பெருமாள் குடைவரைக்கு என்ன வயசு? கி.பி. 770 என்று கல்வெட்டு பளிச்சென்று சொல்லிவிடும். மலையின் கதைக்கோ பாறையின் வரிகளைத்தான் படிக்கணும்! பாடப்புத்தகம் 'பாலக்காடு–காவிரிக் கோட்டுக்குத் தெற்கே மதுரைப் பாளம்' என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

மாணவர்களிடம் ஆய்வுக்கட்டுரைகளையே கொடுத்துப் பாருங்கள். 1980-ல் ட்ரூரியும் ஹோல்ட்டும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில், பாறை வரிகள் வளைந்து இழுபடும் இடங்களைத் தேடி அந்தக் கோட்டைக் காட்டினார்கள். 2004-ல் கோஷும் கூட்டாளிகளும் பாறைகளின் வயதை அளந்து, 'பழைய பாறைக்கும் புதிய பாறைக்கும் எல்லை கரூர்–கம்பம் வழியே போகும் வேறு கோடு' என்றார்கள்.

ஆக, அந்த ஒரு வரிக்குள் ஒரு வழக்கே நடக்கிறது! ரெண்டு தரப்பையும் படித்த மாணவி, காம்பஸோடு யானைமலை ஏறினால் சும்மா வேடிக்கை பார்க்க மாட்டாள். பாறையிடம் சாட்சி கேட்பாள்.