தேடிய தேட்டமும் பாரிஸ் வழமையும்

நான் வசிக்கும் லொங்குய்ய், மொன்றியல் தீவுக்கு எதிரே சென் லோறன்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. 1657இல் சார்ல் லு மொய்ன் என்பவருக்கு மானியமாகக் கிடைத்த நிலம் இது. 1664 முதல் நியூ பிரான்ஸ் முழுவதற்கும் ஒரே சட்டம் விதிக்கப்பட்டது. அதன் பெயர் 'கூத்யூம் டு பாரி'. கூத்யூம் என்றால் வழமை. பாரிஸ் வழமை என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும், ஏனென்றால் நம்மிடமும் ஒரு வழமை இருக்கிறது.

அது 1707இல் எழுத்தில் வந்தது. ஒல்லாந்த ஆளுநர் சிமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே தேசவழமையாக நிலைத்தது.

நான் கணினித் துறைக்காரன், சட்டம் படித்தவனல்ல. ஆனால் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வியந்தேன். தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரிக்கிறது. பாரிஸ் வழமையும் பரம்பரையாக வந்த நிலத்தையும் கணவன் மனைவி தேடிய சொத்தையும் வேறு வேறாக வைத்தது. யாழ்ப்பாணத்தில் காணி விற்பவர் முதலில் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் சொல்ல வேண்டும். பாரிஸ் வழமையில் பரம்பரை நிலம் வெளியாருக்கு விற்கப்பட்டால், ஓர் ஆண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் உறவினர் விலையைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அந்த நிலத்தில் ஐந்தில் நாலு பங்கை மரண சாசனத்தால்கூட வெளியே எழுத முடியாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சமூகங்களும் காணியைக் குடும்பத்தின் உடைமையாகவே நினைத்தன.

இரண்டு இடங்களுக்கும் பிறகு பிரித்தானியர் வந்தனர். 1774இல் கியூபெக் சட்டத்தின் மூலம் பிரெஞ்சுக்காரரின் சொத்துச் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தனர். 1806இல் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தனர். கூடவே, விரும்பியவருக்குச் சொத்தை எழுதிவைக்கும் சுதந்திரத்தையும் கொண்டுவந்தனர்: கியூபெக்கில் அதே 1774இல், இலங்கையில் 1844இல். குடும்பத்தின் காணி, தனி மனிதரின் கையெழுத்துக்குக் கீழே வந்தது அப்போதுதான்.

அந்தக் கையெழுத்து பெரும்பாலும் ஆணுடையது. கியூபெக் சட்டசபைக்குத் தெரிவான முதல் பெண் கிளேர் கேர்க்லண்ட். அவர் அமைச்சராக இருந்தபோதும் தலைநகரில் வாடகைவீடு எடுக்கக் கணவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவரே கொண்டுவந்த சட்டத்தால் 1964இல் அந்த நிலை மாறியது. யாழ்ப்பாணத்தில் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தைக் கேட்டது. இன்றும் கேட்கிறது.

தேடிய தேட்டத்தின் கதை இன்னும் முக்கியம். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கணவன் மனைவி இருவருக்கும் சமமான பொதுச் சொத்து. 1947இல் வந்த திருத்தம் அதை அவரவர் தேட்டமாக்கியது. ஒருவர் இறந்தால், அவருடைய தேட்டத்தில் பாதி மற்றவருக்கு வரும். ஆனால் இறந்தவர் அதை மரண சாசனத்தால் வேறு யாருக்கும் எழுதிவைத்திருக்கக் கூடாது. கியூபெக் எதிர்த்திசையில் நடந்தது. 1970 யூலை 1 முதல், ஒப்பந்தமில்லாமல் மணம் செய்வோர் மணவாழ்வில் தேடியதன் பெறுமதியைப் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். மரண சாசனம் அந்தப் பாதியைத் தொட முடியாது. 1989இல் 'குடும்பச் சொத்து' என்ற விதி சேர்ந்தது. வசிக்கும் வீடு, தளபாடம், கார், ஓய்வூதியம் ஆகியவற்றின் பெறுமதி, எங்கே மணம் முடித்தவரானாலும், இங்கே வாழும் தம்பதிக்கு இடையில் பிரிக்கப்படும். வியாபாரம் இந்தப் பட்டியலில் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 3123ஆம் பிரிவு சொல்வது இது: ஒப்பந்தமில்லாமல் மணம் செய்தவர்களின் சொத்து முறையை, மணம் செய்த நாளில் இருவரும் நிலையாக வாழ்ந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கும். மாப்பிள்ளை இங்கே, பெண் ஊரில் என்றால், முதலில் சேர்ந்து குடியிருந்த இடத்தின் சட்டம். ஆகவே, யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து அங்கேயே மணம் முடித்து வந்த ஒரு தம்பதியின் வழக்கில், லொங்குய்ய் நீதிமன்றம் தேசவழமையைப் புரட்ட வேண்டியிருக்கும்.

அந்தத் தம்பதி ஒரு பலசரக்குக் கடை நடத்துகிறார்கள் என்று வையுங்கள். கடை கணவன் பெயரில். இருபது வருடம் காசுமேசையில் நின்றவர் மனைவி. கணவன் கடையைத் தம்பிக்கு எழுதிவைத்து இறந்தால், வீட்டின் பெறுமதியில் அவருக்குப் பங்குண்டு. கடையில், 1947ஆம் ஆண்டுத் திருத்தம் அவரைக் கைவிடும். அவர் உழைப்புக்கு ஈடு கேட்டு வழக்குப் போடலாம், ஆனால் உழைத்ததை நிரூபிக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பை எதைக் காட்டி நிரூபிப்பது? அடுத்த வீதியில், மொன்றியலில் மணம் முடித்துக் கடை நடத்தும் தம்பதியில் மனைவிக்கு இந்தச் சிக்கலே இல்லை.

மரண சாசனத்திலும் இதே இரட்டை நிலை. முழுவதும் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட தாள், சாட்சி இல்லாமலே கியூபெக்கில் செல்லும். ஆனால் காணி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே காணிக்கு. இலங்கையின் 1840ஆம் ஆண்டுச் சட்டம் நொத்தாரிசையும் இரு சாட்சிகளையும், அல்லது ஐந்து சாட்சிகளையும் கேட்கிறது. மானிப்பாய்க் காணிக்குத் தனியாக ஒரு சாசனம் எழுதுவதே பாதுகாப்பு.

மணத்துக்குப் பிறகும் சொத்து முறையை மாற்றிக்கொள்ள கியூபெக் சட்டம் இடமளிக்கிறது. இருவரும் உயிரோடு இருக்கையில், நொத்தாரிசு முன்னால் ஓர் ஒப்பந்தம் போதும். போகும்போது விவாகப் பதிவுப் பத்திரத்தையும் காணி உறுதிகளையும் கொண்டுபோங்கள். எங்கே, எப்போது மணம் முடித்தீர்கள், அன்று இருவரும் எங்கே வாழ்ந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தேசவழமை என்ற பெயரை அவர் அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. பாரிஸ் வழமையை அறிந்தவருக்கு அதை விளங்கிக்கொள்ள நெடுநேரம் ஆகாது.