காவலும் கண்ணும்: வீடியோக் கலையின் ஒரு வரலாறு

காவல் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. காத்தலும் காவல், சிறைவைத்தலும் காவல். இவ்விரு பொருளுக்கும் இடையே நிற்கும் மனிதனின் நிலையைப் பாடுபொருளாகக் கொண்டு மேலைநாட்டு வீடியோக் கலையின் ஒரு கிளை வளர்ந்தது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1967-இல் சோனி நிறுவனம் தோளில் சுமந்து செல்லத்தக்க வீடியோக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. தொலைக்காட்சி நிலையங்களுக்கே உரியதாயிருந்த மின்னணுக் கண் கலைஞர் கைக்கும் வந்தது. திரைப்படச் சுருளைக் கழுவிய பின்னரே காண இயலும். வீடியோவோ நிகழ்வதை நிகழும்போதே காட்டும். காவற்கருவியாக அது பரவியதற்கும் இப்பண்பே காரணம். இவ்வாறு கலைஞன் கருவியும் காவலன் கருவியும் ஒன்றாயின.

இவ்வொற்றுமையை முதலில் ஆழ உணர்ந்தோருள் ஒருவர் அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன். 1970-இல் அவர் 32 அடி நீளமும் 20 அங்குல அகலமும் கொண்ட இடைகழி ஒன்றை அமைத்தார். அதன் கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு தொலைக்காட்சிப் பெட்டிகள். ஒன்றில் ஆளற்ற இடைகழியின் முன்பதிவு; மற்றொன்றில் நுழைவாயிலின் மேலுள்ள கேமரா காட்டும் நேர்காட்சி. உள்ளே நடப்பவர் தம் முதுகையே காண்பார். நெருங்க நெருங்கத் தம் உருவம் சிறுத்து விலகக் காண்பார். அச்சுறுத்துவார் எவருமிலர், ஆயினும் அச்சம் தோன்றுகிறது.

1983-இல் ஜெர்மானியர் மைக்கேல் கிளியர், நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைத் தொகுத்து, ‘பேருருவன்’ எனப் பொருள்படும் தலைப்பில் நெடும்படம் ஒன்றை ஆக்கினார். அதில் வெறுமனே நடந்து செல்பவரும் ஐயத்துக்கு உரியவராகத் தோன்றுவர்.

ஹாருன் ஃபரோக்கி 2000-இல் காட்டியது இதனினும் கொடிது. கலிபோர்னியாவின் கார்க்கரன் சிறைமுற்றத்தில் 1989-இல் கைதி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒலியற்ற காவற்பதிவு காட்டுகிறது. அங்கே கேமராவின் பார்வைப் பரப்பும் துப்பாக்கியின் வீச்செல்லையும் ஒன்றே.

மனு லுக்ஷ் சட்டத்தையே கலைக்கருவியாக்கினார். பிரித்தானியாவின் 1998-ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இலண்டன் கேமராக்களில் பதிவான தம் உருவத்தைக் கேட்டுப் பெற்றார். பிறர் அடையாளம் காக்க அவர்தம் முகங்கள் மறைக்கப்பட்டிருந்தன. அம்மறைப்பே 2007-இல் வெளிவந்த ‘முகமற்றோர்’ என்னும் படத்தின் கதைக்கு வித்தாயிற்று.

கண்காணி என்பது நம் சொல். இலங்கை, மலாயாத் தோட்டங்களின் வழியே அது ஆங்கிலத்திலும் ஏறியது. அக்கண்காணிக்கு முகம் இருந்தது. ஆகவே மலையக நாட்டார் பாடலில் அவனை ஏசவும் முடிந்தது. இன்றைய கண்ணுக்கோ முகமில்லை. காணப்படுவோர்க்கே முகம் உண்டு. மேற்கண்ட கலைஞர்கள் அக்கண்ணை நம்முன் நிறுத்தினர். அதனை எவ்வாறு விளிப்பது என்னும் வினா, விளியை முதற்கருவியாகக் கொண்ட கவிஞர்களுக்கு உரியது.